தீராத ட்யூப்

மரத்துப் போவதற்கான களிம்பை முகம் முழுக்கப் பூசி, அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, கண்களின் மேல் ஈரப் பஞ்சையும் வைத்துவிட்டு, "நாப்பது நிமிஷம் அசையாம படுத்திருங்கம்மா, நானே வந்து எழுப்பறேன்" என்று நர்ஸ் சொன்னபோது சில்லுவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். ஆறு வருடத்தில் முதல் முறையாகப் பட்டப்பகலில், பூச்சு எதுவும் இல்லாத முகத்தோடு ஓர் அறையில் படுத்திருக்கிறாள். பார்க்க யாரும் இல்லை. அவளுக்கே எதுவும் தெரியவில்லை.

சில்லு என்பது கண்ணாடிக் கடையில் வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் லென்ஸ் உரசும் மெஷினிலிருந்து தெறித்த சில்லு ஒன்று அவள் தலைமுடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒரு வாடிக்கையாளர்தான் அதைப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். அன்றோடு சொந்தப் பெயர் போயிற்று. வீட்டுக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவள் வேலை, வருகிறவர்களின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, மூக்குத் தண்டின் மேல் சின்ன ஸ்கேலை வைத்து, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளப்பது. ஒரு நாளைக்கு முப்பது பேர் வருவார்கள். முப்பது பேரிடமும் அவள் சொல்வது ஒன்றுதான்: "என் கண்ண மட்டும் பாருங்க. வேற எங்கயும் பாக்காதீங்க." அளவு சரியாக வருவதற்காகச் சொல்கிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பாதி அதற்காக, மீதி கன்னத்துக்காக.

இரண்டு கன்னங்களிலும், மேலுதட்டின் மேலும், நெற்றியில் புருவங்களுக்குச் சற்று மேலேயும் மங்கு, பழுப்புத் திட்டுத் திட்டாக. பெண் குழந்தை பிறந்து ஒரு வருடம் கழித்து வந்தது. அப்போது அடுத்த பிள்ளை இப்போது வேண்டாம் என்று மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மாத்திரையை நிறுத்தினால் போய்விடலாம் என்றார்கள். மாத்திரை போயிற்று, மங்கு போகவில்லை. வெயில் பட்டால் கறுத்தது, அடுப்படியில் நின்றால் கறுத்தது. அழுதால்கூடக் கறுக்கிறது என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தபோது கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பூச்சு பூசக் கற்றுக்கொண்டாள்.

மறைக்கச் சொல்லி யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. ஆனால் அவள் வாழ்க்கைப்பட்டது ஒரு பெயிண்டருக்கு. பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிற மேஸ்திரி. கல்யாணமான புதிதில் ஒரு வீட்டு விருந்துக்குப் போயிருந்தார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்த மனுஷன் சாப்பிடாமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டாள். "அந்த மூலைல ஒரு திட்டு தெரியுது பாரு. திட்டு கண்ணுல பட்டுட்டா எனக்கு சோறு எறங்காது" என்றார். சுவரைப் பற்றித்தான் சொன்னார். அவர் என்றைக்கு மனிதரைப் பற்றிப் பேசியிருக்கிறார்? எந்த வீட்டுக்குப் போனாலும், ஆஸ்பத்திரிக்கே போனாலும், விரல் முட்டியால் சுவரை இரண்டு தட்டுத் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மறுபடியும் ஒரு தட்டுத் தட்டினால்தான் அவருக்கு மனசு ஆறும். சொன்னவர் அன்றே மறந்திருப்பார். இவள் அதை எடுத்து முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

அதனால் காலை ஐந்து மணிக்கு அலாரம் இல்லாமலே எழுந்திருப்பாள். அலமாரிக் கண்ணாடி முன்னால் நாற்பது நிமிஷம். முதலில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று, பிறகு தோல் நிறத்தில் ஒன்று, அது காய்ந்ததும் பவுடர். கடைசியில் பவுடர் டப்பாவை மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். மேஸ்திரி அதற்குப் பிறகுதான் எழுந்திருப்பார். அதுவரை சுவர்ப் பக்கம் திரும்பி அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். அந்தத் தூக்கத்துக்காகச் சில்லு மனசுக்குள் கோயில் கட்டிக் கும்பிடாத குறை. இப்படி ஒரு கும்பகர்ணன் கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைப்பாள்.

ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், ஆறு வருடம் ஒரு முகத்தை எப்படி ஒளித்து வைக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. சில்லு அதை ஒரு நாளும் தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டிருந்தால் இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வந்திருக்க வேண்டியதே இல்லை.

பூச்சு போதாமல் ஒரு ட்யூபும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது. "படுக்கப் போறப்ப போடுங்க, பதினஞ்சே நாள்ல மூஞ்சி பளிச்சுனு ஆயிடும்" என்றார். ஆயிற்று. பதினைந்தாம் நாள் கண்ணாடியில் பார்த்துச் சில்லு அழுதேவிட்டாள். ஒரு மாதம் கழித்து நிறுத்திப் பார்த்தாள். மூன்றாம் நாள் முகம் மிளகாய் அரைத்த கையால் தடவியது போல எரிந்தது, சிவந்தது, மங்கு முன்னைவிடக் கறுத்துக்கொண்டு வந்து நின்றது. பயந்துபோய் மறுபடியும் எடுத்தாள். அன்றிலிருந்து ஒரு சபதம்: இந்த ட்யூப் தீர்ந்ததும் விட்டுவிடுவது, புதிதாக வாங்குவதில்லை.

அந்த ட்யூப் தீரவே இல்லை. அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிக் கடைசி மடிப்புக்கு வந்துவிட்டது என்று நினைப்பாள். மறுநாள் அமுக்கினால் வந்துகொண்டே இருக்கும். தன் சிக்கனத்தை நினைத்து அவளுக்குப் பெருமைதான். பட்டாணி அளவுதானே எடுக்கிறோம், அதனால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பழைய பழுப்பு நிற மூக்குக் கண்ணாடிக் கூடு ஒன்றில் அதை வைத்து, வீட்டில் உடைந்த பிரேம்கள் கிடக்கும் இழுப்பறையின் அடியில் தள்ளியிருந்தாள்.

ஆனால் இந்த வருடம் ட்யூபும் கைகொடுக்கவில்லை. முகம் எப்போதும் சிவந்து கிடந்தது. கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிந்தது. பூச்சு பட்டாலே சுரீர் என்றது. போன மாதம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு படம் வரைந்துகொண்டு வந்தாள். 'என் குடும்பம்' என்று தலைப்பு. அப்பா கையில் பிரஷ், நடுவில் மகள், பக்கத்தில் அம்மா. அம்மாவின் இரண்டு கன்னத்திலும் பழுப்புப் பென்சிலால் இரண்டு தீவு. "அப்பாகிட்ட காட்டப் போறேன்" என்று குழந்தை குதித்தது. அதைத் தூங்க வைத்துவிட்டுச் சில்லு படத்தை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுவாரம் இந்த டாக்டரைப் பார்க்க வந்தாள்.

டாக்டர் அம்மா நல்லவர்தான், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. சில்லு வெளியே காத்திருந்தபோது உள்ளே ஒரு பெண்ணுக்கு மண்டகப்படி நடந்துகொண்டிருந்தது. "கடைக்காரன் குடுத்தா வாங்கி பூசிடுவியா? அவன் விஷத்த குடுத்தா குடிச்சிடுவியா?" என்று கேட்டது வெளிவரைக்கும் வந்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அடுத்து சில்லு. டாக்டர் அவள் கன்னத்தை விளக்கில் திருப்பிப் பார்த்து, "எதாவது கிரீம் போடறியாம்மா?" என்று கேட்டார்.

"சோப்புதான் டாக்டர்."

"இவ்வளவு செவப்பா இருக்கே?"

"வெயில் டாக்டர்."

இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அதே பதில். லேசர் என்பது ரப்பரால் அழிப்பது மாதிரி இல்லை, மெல்ல மெல்லக் கறுப்பை உடைக்கும், சூடு கூடினால் கூடுதலாகக் கறுக்கும், அதனால்தான் எல்லாவற்றையும் கேட்கிறோம் என்று விளக்கிவிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். கிரீம் எதுவும் உபயோகிக்கவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. சில்லு அதன் கீழே அழகாகக் கையெழுத்துப் போட்டாள்.

இன்று காலை, கடையில் பயிற்சி வகுப்பு என்று வீட்டில் சொல்லியிருந்தாள். மேஸ்திரி தனக்கு இன்று எங்கே வேலை என்று சொல்லவும் இல்லை, இவள் கேட்கவும் இல்லை. உள்ளே வந்ததும் நர்ஸ் பஞ்சால் முகத்தைத் துடைத்தார். ஐந்து பஞ்சு பழுப்பாகிக் கூடைக்குப் போயிற்று. "எத்தன கோட்டும்மா இது" என்று நர்ஸ் சிரித்தார். பிறகு ஒரு பச்சைத் திரையை இழுத்து மூடினார். திரைக்கு இந்தப் பக்கம் கட்டில். அந்தப் பக்கம் கைகழுவும் தொட்டியும், ஏசி தண்ணீர் இறங்கி ஊறிப்போன ஒரு சுவரும். "செவுத்த பாக்க ஆள் வருவாங்க. திரைய தாண்ட மாட்டாங்க, நீங்க பாட்டுக்கு படுங்க" என்று சொல்லியிருந்தார்.

அரை மணி நேரம் போயிருக்கும். உதடு தடித்தது போல ஆகி, கன்னம் இருக்கிற இடமே தெரியாமல் போயிருந்தது. அப்போது கதவு திறந்தது. கித்தான் பை ஒன்றைத் தரையில் வைக்கும் சத்தம். பிறகு சுவரில் இரண்டு தட்டு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் ஒரு தட்டு.

உலகத்தில் எத்தனையோ பெயிண்டர்கள். இரண்டு தட்டி, காது வைத்து, மறுபடி ஒன்று தட்டுகிறவர் ஒருத்தர்தான்.

"சிஸ்டர், இது வெளி ஈரம் இல்ல" என்றது குரல். சந்தேகத்துக்கு இடமில்லை. "உள்ள பைப்பு கசியுது. நான் சொரண்டி, பட்டி வெச்சு, ரெண்டு கோட் ஓட்டிட்டு போயிடலாம். நாளைக்கே பளபளன்னு இருக்கும். அடுத்த மாசம் திரும்ப வந்து நிக்கும். மொதல்ல பைப்ப பாக்க சொல்லுங்க."

"எங்க டாக்டரும் மூஞ்சிய பாத்து இதேதான் சொல்வாங்க" என்று நர்ஸ் சிரித்தார்.

சில்லுவுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. பிளாஸ்டிக் தாள் சரசரக்கும். செருப்பை எங்கே விட்டோம் என்று யோசித்தாள். கட்டிலுக்கு அடியிலா, திரைக்குப் பக்கத்திலா? இடது செருப்பின் வாரைப் போன வாரம்தான் அவர் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தார். பார்த்தால் தெரிந்துவிடும். எழுந்து ஓடவும் முடியாது, இந்த வெள்ளைக் களிம்பு முகத்தோடு எங்கே ஓடுவது? போய்விடு, சுவரைப் பார்த்தாயிற்று இல்லையா, போய்விடு என்று மனசுக்குள் மன்றாடினாள். ஆறு வருடம் காலை ஐந்து மணிக்கு எழுந்தது இந்த ஒரு திரைச்சீலையை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் போகவில்லை. தொண்டையைச் செருமினார். பேரம் பேசவோ, கேட்கக் கூச்சமான ஒன்றைக் கேட்கவோ போனால் அவர் அப்படித்தான் செருமுவார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். வாசல்ல போர்டு போட்டுருக்கீங்களே, மங்குக்கு லேசர்னு. அது நெசமாவே கேக்குமா?"

"யாருக்குண்ணே?"

"எங்க வீட்ல."

எங்க வீட்ல என்று அவர் சொல்லக்கூடியவள் இந்தப் பூமியில் ஒருத்திதான். அந்த ஒருத்தி பஞ்சுக்கு அடியில் கண்ணை அகலத் திறந்தாள். தண்ணீர் உள்ளே இறங்கிக் கரித்தது.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"அஞ்சாறு வருஷம் இருக்கும். பாப்பாவுக்கு ஒரு வயசு நடக்கறப்ப வந்துச்சு. மொதல்ல டீ கற மாதிரி லேசா இருந்துச்சு, அப்பறம் ஏறிடுச்சு."

"இவ்வளவு நாளா கூட்டிட்டு வரலியா?"

"எப்படி சிஸ்டர் கூட்டிட்டு வர்றது. எனக்கு தெரியாதுன்னு நெனச்சுகிட்டு இருக்கா."

நர்ஸ் சிரித்த சிரிப்பில் தொட்டியில் வைத்திருந்த ஏதோ ஒரு கிண்ணம் உருண்டது. "என்னண்ணே சொல்றீங்க?"

"சிரிக்காதீங்க சிஸ்டர். காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு கண்ணாடி முன்னாடி உக்காருவா. எனக்கு தொழிலே அதிகாலைல எந்திரிக்கறது, நாலரைக்கே முழிப்பு வந்துரும். செவுத்து பக்கம் திரும்பி படுத்துக்குவேன். நாப்பது நிமிஷம். ஒண்ணுக்கு முட்டும், அடக்கிகிட்டு கெடப்பேன். டப்பாவ மூடற சத்தம் கேட்டதும் அப்பதான் முழிச்ச மாதிரி எந்திரிப்பேன்."

கும்பகர்ணன். வந்தது அவமானமா, பாசமா என்று பிரித்துப் பார்க்கக்கூடச் சில்லுவால் முடியவில்லை. ஆறு வருடமாக அவள் ஆடிய நாடகத்துக்கு ஒரே ஒரு பார்வையாளர் இருந்திருக்கிறார், அவரும் திரும்பிப் படுத்துக்கொண்டே பார்த்திருக்கிறார்.

"ஒரு வார்த்த கேட்டா என்னண்ணே?"

"அவ மனசு நோகும் சிஸ்டர். அவளா சொல்லட்டும்னு இருந்தேன். அவ சொல்லல, நானும் கேக்கல, அப்படியே ஓடிப்போச்சு."

"சரி, வேற எதாவது கிரீம் போடறாங்களா?"

சில்லு ட்யூபை நினைத்தாள். தெரிந்திருக்காது. அது கண்ணாடிக் கூட்டுக்குள், இழுப்பறைக்கு அடியில் இருக்கிறது.

"ஒரு ட்யூப் இருக்கு. கண்ணாடி கூட்டுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கா." அவர் பையில் எதையோ தேடினார். "இந்தாங்க, இதுதான். இன்னிக்கிதான் வாங்கினேன்."

"நீங்க எதுக்குண்ணே வாங்கினீங்க?"

"அது தீர்ற சமயத்துல நான் ஒண்ணு வாங்கி மாத்தி வெச்சுருவேன் சிஸ்டர்." குரலில் கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் பெருமை. நல்ல கோட் அடித்துவிட்டு இரண்டடி பின்னால் நின்று பார்க்கும்போது அவருக்கு வருகிற பெருமை. "பாவம், அவ கடைல போய் நாலு பேர் முன்னாடி கேட்டு வாங்கணுமேன்னு. அவ அமுக்கினத விட கொஞ்சம் கம்மியா பிதுக்கி கொட்டிட்டு, அவ மாதிரியே அடில சுருட்டி வெச்சுருவேன். மூணு வருஷமா ஒரு தடவகூட கண்டுபுடிக்கல."

நர்ஸ் ட்யூபின் மேல் இருந்த எழுத்துகளை முணுமுணுத்துப் படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுப்பது கேட்டது.

சில்லு அசையவில்லை. அசைய முடியவில்லை என்பதுதான் சரி. தீர்ந்ததும் நிறுத்திவிடுவேன் என்று எத்தனை தடவை சத்தியம் செய்தாள். எத்தனை ராத்திரி அந்தக் கடைசி மடிப்பைப் பார்த்து, அப்பாடா, இன்றோடு சரி என்று நினைத்தாள். சிக்கனம் என்று அல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சபதம் ஒவ்வொன்றையும் அந்த மனுஷன் அன்பாக, ஒரு தடயமும் இல்லாமல், பட்டி வைத்து அடைத்திருக்கிறார்.

"அண்ணே" என்றார் நர்ஸ். இப்போது சிரிப்பு சுத்தமாகப் போயிருந்தது. "இத மூணு வருஷமாவா போடறாங்க?"

"ஆமா. என்ன சிஸ்டர்?"

"இதுல இருக்கறது மூஞ்சிக்கு இப்படி மாசக்கணக்குல போடற மருந்தே இல்ல. தோல் வெங்காயச் சருகு மாதிரி ஆயிடும். செவப்பா இருக்குமே, எரியுதுன்னு சொல்வாங்களே?"

"எங்கிட்ட எப்படி சொல்லுவா?"

"லேசர்னு யார் சொன்னாலும் இப்ப கூட்டிட்டு வராதீங்க. இந்த தோல் மேல லேசர் வெச்சா வெந்துரும். இருக்கற மங்கு மூணு மடங்கு கறுத்துரும். மொதல்ல டாக்டர்கிட்ட சொல்லி இத மெதுவா நிறுத்தணும். நிறுத்தினா கொஞ்ச நாளைக்கு நெருப்பா எரியும். அதெல்லாம் அடங்கி, அப்பறம்தான் மத்தது."

பட்டித் தகடு சுவரில் ஒரு தடவை சுரண்டி நின்றது. பிறகு மேஸ்திரி ரொம்பச் சின்னக் குரலில், "நான்தான சிஸ்டர் வாங்கி வாங்கி வெச்சேன்" என்றார்.

பக்கத்து அறையில் மெஷின் மூன்று தடவை கூவியது. தயாராகிவிட்டது என்று அர்த்தம். "ஒரு நிமிஷம்ணே, பேஷண்ட் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் திரையை ஒரு ஓரமாக விலக்கி உள்ளே வந்தார். பஞ்சை எடுத்தார். தாளை உரித்தார். "டைம் ஆச்சும்மா. எந்திரிச்சு வாங்க, டாக்டர் உள்ள இருக்காங்க. துடைச்சிட்டு ஆரம்பிச்சுடலாம்."

லேசர் அறைக்கு இந்தப் பக்கத்திலேயே தனிக் கதவு. எழுந்து நாலு அடி வைத்தால் போதும், அவர் பார்க்கவே மாட்டார். டாக்டர் கண்ணுக்கு மூடி போடுவார், வேலை நடக்கும். வாயைத் திறக்காவிட்டால் முகம் வெந்து போகும். திறந்தால் ஒரு கஜத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற மனுஷனுக்கு அவள் குரல் தெரிந்துவிடும். சில்லு ஒரு நொடி அந்தக் கதவைப் பார்த்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆறு வருடப் பழக்கம் அவ்வளவு லேசில் விடாது.

"சிஸ்டர்." மேலுதடு மரத்துப் போனதால் வார்த்தை கொழகொழவென்று வந்தது. "அந்த ட்யூப்தான் நானும் போடறேன்."

நர்ஸுக்குப் புரியவில்லை. "எதும்மா?"

"இப்ப சொன்னீங்களே, அதே ட்யூப். மூணு வருஷமா. அன்னிக்கு டாக்டர் கேட்டப்ப பொய் சொல்லிட்டேன்."

நர்ஸ் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடியே இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் தகடு தரையில் விழுந்தது, விழுந்ததை யாரும் எடுக்கவில்லை.

சில்லு கட்டிலை விட்டு இறங்கி, வெறுங்காலோடு போய், திரையை ஒரே இழுப்பில் விலக்கினாள். வளையங்கள் கம்பியில் ஓடிச் சுவரில் முட்டின.

மேஸ்திரி கையில் ட்யூபோடு நின்றிருந்தார். கண் அவள் முகத்தில் விழுந்தது. அரை நொடி இருக்கும். வெள்ளைக் களிம்பு, அதற்கு அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் பழுப்பு. அடுத்த நொடி, யாரோ தோளைப் பிடித்துத் திருப்பியது போலச் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊறிப்போன சுவருக்கும் அவர் நெற்றிக்கும் நடுவே நாலு விரற்கடைகூட இல்லை.

"பாக்கல" என்றார். "நான் பாக்கல சில்லு. நீ மெதுவா ரெடியாகு."

சில்லுவுக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எது முதலில் வெளியே வருவது என்று அவற்றுக்குள்ளேயே தகராறு. இந்த முதுகைத்தான் தினமும் பார்த்தாள். இதைத்தான் தூக்கம் என்று நம்பினாள்.

"எத்தன தடவ மாத்தி வெச்சீங்க?"

முதுகு இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டது.

"ஒவ்வொரு தடவயும் இது தீந்ததும் விட்டுடணும்னு இருந்தேங்க. சாமி சத்தியமா விட்டுருப்பேன். தீரவே இல்லியே. நான் என்ன பண்ணுவேன்?"

அவர் தோள் இரண்டும் குலுங்க ஆரம்பித்தன. நர்ஸ் வெளியே போவதா நிற்பதா என்று தெரியாமல் பஞ்சுப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"திரும்புங்க" என்றாள் சில்லு.

"வேணாம்."

"ஆறு வருஷமா செவுத்த பாத்தது போதும். திரும்புங்க."

திரும்பினார். கண்ணை மட்டும் இறுக்கி மூடியிருந்தார், ஊசி போடப் போகும் குழந்தை போல. சில்லு நர்ஸ் கையிலிருந்து ஒரு பஞ்சை உருவினாள். களிம்பைத் துடைத்தாள். இரண்டு கன்னம், மேலுதடு, நெற்றி. தன் முகத்தைத் தானே துடைக்கிறோமா வேறு யாருடையதையோ துடைக்கிறோமா என்று தெரியாத அளவுக்கு மரத்திருந்தது. பிறகு அவருக்கு ஒரு சாண் தள்ளி, கடையில் நிற்பது போல, நேராக நின்றாள்.

"தொறங்க."

திறந்தார். கண் இரண்டும் நேராக அவள் கண்ணுக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டன. கீழே இறங்க அவற்றுக்குத் தைரியம் இல்லை. முப்பது பேரிடம் தினமும் அவள் கேட்டு வாங்குகிற பார்வை அது.

"கண்ண பாக்காதீங்க" என்றாள். "கீழ பாருங்க."

பார்த்தார். வலது கன்னம், இடது கன்னம், அந்தச் சிவப்பு நூல்கள். சுவரைப் பார்ப்பது போலத் தலையைச் சற்றுச் சாய்த்து, விரல் முட்டியைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தவர், தொடாமல் பாதியில் நிறுத்தினார். கையிலிருந்த புது ட்யூபை மூடி திறக்காமலே நசுக்கியிருந்தார். அது பின்பக்கம் பிய்ந்து விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக வழிந்துகொண்டிருந்தது.

"எரியுதா?" என்று கேட்டார்.

மூன்று வருடத்தில் அதை ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. சில்லு பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உண்மையைத்தான் சொல்ல வேண்டும், வேறு எதுவும் மிச்சமில்லை.

"இப்ப ஒண்ணும் தெரியலங்க, மரத்துப் போயிருக்கு" என்றாள். "நாளைக்கு எரியும்."